பன்னிரண்டு பூ என்று சொல்லிவிட்டேன்

மெல்பேர்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற வெரிபீயில் பியோனிச் செடி பூக்காது என்று எனக்குச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை. கிழங்கு விற்ற கடைக்காரன் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். சிட்னியில் இருக்கும் என் அக்கா ரெலிபோனில் சொன்னார். என் மனுசனைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நான் எதை நட்டாலும் அவருக்கு அது பூக்காது, காய்க்காது, முளைக்காது. இன்றைக்கு நாலு பேரும் வாய் திறக்கிறதில்லை. ஏனென்றால் பூத்தது! மண்வெட்டி போட்டால் கல்லில் பட்டு நெருப்புப் பறக்கிற இந்தக் கறுப்புக் களிமண்ணில், என் வளவில், என் கையால் பூத்தது! அந்தக் கதையை நானே எழுதினால்தான் சரியாக இருக்கும். வேறு ஆட்கள் எழுதினால் குறைத்து எழுதிவிடுவார்கள்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். அதை ஒருவருக்கும் ஒளிப்பதில்லை. படிப்பு எனக்கு ஏறவில்லை, அக்காவுக்கு ஏறியது. அவர் கணக்கு ரீச்சர் ஆனார். நான் மெல்பேர்ணுக்கு வந்து ஓர் ஆசுபத்திரிக் குசினியில் சட்டி கழுவினேன். பிறகு வீட்டில் றோல்ஸ் பொரித்துக் கொடுத்தேன். பிறகு ஒரு கொத்துரொட்டிக் கடை, அதற்குப் பிறகு இன்னொன்று. ஒருவரும் கைபிடித்துக் காட்டவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இரண்டு கடையையும் மகளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஒரு கிழமை இருந்து பார்த்தேன். எட்டாம் நாள் மண்வெட்டியைத் தூக்கிவிட்டேன்.

பியோனியை நான் முதலில் கண்டது ஒரு கல்யாண வீட்டில். மேசைக்கு நடுவில் கண்ணாடிக் குவளைக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு ரோசாப் பூ நிறப் பூ. பிளாஸ்டிக் என்று நினைத்துக் கிள்ளிப் பார்த்தேன். ஈரம்! ஒரு பூவுக்குள் நூறு பூவை மடித்து அடைத்து வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பெயர் கேட்டேன். சொன்னாள். சொல்லிவிட்டு, "அன்ரி, உது குளிர் மலையில வாறது. வெரிபீப் பக்கம் சரிவராது," என்றாள். அந்தச் சொல் போதும் எனக்கு. சரிவராது என்று ஒருவர் சொன்னால் என் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். அடுத்த மே மாதமே ஒரு கிழங்கு வாங்கினேன்.

ஓம், கிழங்குதான். பூச்செடி என்று கேட்டால் ஒரு பையில் மரத்தூளும் அதற்குள் இராசவள்ளிக் கிழங்கு மாதிரி ஒன்றும் போட்டுத் தந்தான். தலையில் நாலைந்து சிவப்புக் குருத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. கிழங்கு நடுவதை எங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? சாண் ஆழத்துக்குக் கிடங்கு வெட்டினேன். கோழி எருவை அள்ளிக் கொட்டினேன். கிழங்கை வைத்து மூடி, மேலே மண் அணைத்து, குன்று மாதிரிக் கட்டினேன். மரவள்ளிக்கும் உருளைக்கிழங்குக்கும் அப்படித்தானே செய்கிறோம். செடி வளர வளர மண் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு வெளியே தெரியும். எனக்குத் தெரிந்த விவசாயம் அது. மீன் கழுவிய தண்ணீரையும் வீணாக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை அதற்குத்தான்.

இலை வந்தது பாருங்கள், என்ன ஓர் இலை! கரும்பச்சையில், கைப்பிடித் தண்டோடு, பளபளவென்று. பூ மட்டும் வரவில்லை. முதல் வருடம்தானே என்று விட்டேன். இன்னும் எரு போட்டேன். இன்னும் மண் அணைத்தேன். இரண்டாம் வருடம் இலை இன்னும் பெருத்தது.

என் மனுசன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று பார்ப்பார்.

"என்னப்பா, இதைப் பருப்புப் போட்டுக் கீரைக்கறி வைப்பமோ?"

"பேசாமல் உள்ளுக்குப் போங்கோ."

"இல்லை, வாட முதல் ஆய்ஞ்சால் நல்லம் எண்டு சொன்னனான்."

அப்படி இருக்கிற நேரத்தில்தான், அந்த இரண்டாம் வருட நவம்பரில், அக்கா சிட்னியில் இருந்து ரெலிபோன் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். எடுத்தால் முதலில் என் தமிழைத் திருத்துவார், பிறகு என் உப்பைக் குறைப்பார், பிறகு மற்றக் கதை. அக்கா பொய் சொல்லாத மனுசி. வயதைக் கேட்டால்கூட மாதத்தோடு சொல்லுவார். அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு பாராட்டு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டாவது கடை திறந்த அன்றைக்கும் பெயர்ப்பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போயிற்று என்றுதான் சொன்னவர்.

"எடியே, உன்ர பியோனி என்னவாம்? பூத்ததோ, இன்னும் இலைதானோ?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"லைப்ரரியில ஒரு புத்தகம் பார்த்தனான். அது பொறுமையாப் பார்க்க வேண்டிய செடியாம். உனக்கு உது சரிவராது, பிள்ளை. நீ விடிய நட்டுப் பின்னேரம் பிடுங்கிற ஆள்."

என் வாயை நான் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

"பூத்திட்டுது அக்கா!"

"என்ன?"

"பூத்திட்டுது எண்டு சொல்லுறன். பன்னிரண்டு பூ!"

எனக்கு முன்னால் இருந்த மனுசனுக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது. அவர் இருமுகிற சத்தத்தில் அக்கா மறுபடியும் கேட்டார்.

"பன்னிரண்டோ? எண்ணினியோ?"

"எண்ணினனான்."

"அப்ப ஒரு படம் எடுத்து அனுப்பன்."

"போனில கமரா பழுது."

"உன்ர மனுசன்ர போன் இருக்கெல்லோ?"

"அதுவும் பழுது," என்றேன். அதற்குப் பிறகு ஏதோ அடுப்பில் கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பூக்காலம் முடிந்துவிட்டால் கேட்க மாட்டார், மறந்துவிடுவார் என்று நினைத்தேன். கணக்கு ரீச்சர் எண்ணை மறப்பாரா?

ஏப்ரலில் எடுத்தார். "நவம்பரில வாறன். ரிக்கெற் போட்டாச்சு. அஞ்சு நாள் நிப்பன்."

முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு அக்கா பிளேன் ஏறியதில்லை. ஆறு வருடமாக மெல்பேர்ண் பக்கம் வரவில்லை. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டும் வராதவர்.

"என்ன திடீரெண்டு?"

"திடீரெண்டு என்ன? உன்ர பன்னிரண்டு பூவையும் என்ர கண்ணால பார்க்க வேணும். சிட்னி வெயிலில இது வராதாம். நான் இனி எங்கை போய்ப் பார்க்கிறது?"

போனை வைத்துவிட்டுச் செடிக்கு முன்னால் போய் நின்றேன். இங்கே ஏப்ரல் இலையுதிர்காலம், செடியும் வாடிச் சாய்ந்து கிடந்தது. ஏழு மாதத்தில், இரண்டு வருடம் ஒரு மொட்டுக்கூடத் தராத செடியில், பன்னிரண்டு பூ வர வேண்டும். வராவிட்டால் கால் நோவோடு வந்து இறங்குகிற மனுசிக்கு முன்னால் நான் பொய்க்காரி.

ஆனால் நான் குந்தியிருந்து அழுகிற ஆள் இல்லை. அடுத்த நாளே மனுசனைக் கார் எடுக்கச் சொன்னேன். டண்டினோங் மலைப்பக்கம் பியோனித் தோட்டம் ஒன்று இருப்பதாக மகள் போனில் தேடிச் சொன்னாள். உள்ளதைச் சொல்கிறேன், நான் போனது புத்தி கேட்க இல்லை. நவம்பரில் பூத்த செடியாகச் சட்டியோடு வாங்கி, கொண்டுவந்து புதைத்துவிடலாம், அதற்கு இப்போதே சொல்லிவைக்கலாம் என்று போனேன்.

தோட்டக்காரி ஒரு வெள்ளைக்கார அம்மா. என் வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் சப்பாத்து, நகம் முழுக்க மண். அந்த நகத்தைக் கண்டதும் எனக்கு அவவைப் பிடித்துவிட்டது. என் இங்கிலீசு கடை இங்கிலீசு. சாமான் வாங்கவும் விற்கவும் சண்டை பிடிக்கவும் போதும். பூத்த செடி வேண்டும் என்றேன். பூத்த செடியை இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இரண்டு வருடம் பூக்காது, அதனால் விற்பதில்லை என்றா. உன் செடிக்கு என்ன குறை என்று கேட்டா. படத்தைக் காட்டினேன். குன்று மாதிரிக் கட்டிய மண்ணையும் அதில் நின்ற இலையையும் பார்த்தா. தன் சுட்டுவிரலை எனக்கு முன்னால் நீட்டி, முதல் கணுவைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினா.

அவ்வளவுதான் ஆழமாம்! குருத்துக்கு மேலே ஒரு விரல்கணு மண். அதற்கு மேல் போனால் இலை வரும், பூ வராது. குளிர் அந்தக் குருத்தைத் தொட வேண்டுமாம். நான் என்ன செய்திருக்கிறேன்? சாண் ஆழத்தில் புதைத்து, அதற்கு மேல் இரண்டு வருடமாகப் போர்வை போர்த்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எருவும் கூடாதாம், எரு முழுக்க இலைக்குப் போய்விட்டது. மீன் தண்ணீர் என்று நான் சொன்னபோது அவ இரண்டு கையாலும் வாயைப் பொத்திச் சிரித்தா. எனக்குக் கோபம் வரவில்லை. என் மண் அணைப்பு உருளைக்கிழங்குக்குச் சரி. பூவுக்குத்தான் பிழை. ஒரே விசயத்தில் பிழை என்றால் திருத்தலாம்!

கிண்டி எடுக்காதே, மேல் மண்ணை மெல்ல வழித்து எடு என்றா. வெட்டுகிற பூவை வைத்திருக்கும் முறையும் சொன்னா. மொட்டு மெத்தென்று வந்ததும் வெட்டி, தண்ணீரில் போடாமல், பேப்பரில் சுற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்தால் மூன்று கிழமை உறங்கும். எடுத்துத் தண்ணீரில் வைத்தால் விழிக்கும். ஆனால் அப்பிளோடு வைக்காதே, அதன் மூச்சுப் பட்டால் மொட்டுச் செத்துவிடும் என்றா. எல்லாவற்றையும் தலைக்குள் எழுதிக்கொண்டேன். கடைக் கணக்கையே தலைக்குள் வைத்திருந்தவள் நான்.

வீட்டுக்கு வந்த கையோடு தொடங்கினேன். மண்வெட்டி போட்டால் குருத்து முறியும். அதனால் குசினியில் இருந்து சோற்றுக் கரண்டியை எடுத்தேன். தரையில் சாக்கை விரித்துக் குந்திக்கொண்டு, கரண்டி கரண்டியாக மண்ணை வழித்தேன். முதலில் குன்று போயிற்று. பிறகு சுற்றிவரத் தாம்பாளம் மாதிரிப் பள்ளமாக எடுத்து, தண்ணீர் நிற்காமல் ஒரு பக்கத்தால் வாய்க்கால் வெட்டினேன். மூன்று நாள். மூன்றாம் நாள் பின்னேரம் கரண்டி நுனியில் ஒரு சிவப்புத் தெரிந்தது. விரலால் துடைத்தேன். மூக்குத்திக் கல் மாதிரி ஒரு குருத்து! பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று! எண்ண எண்ண ஒன்பது. நான் போட்ட சத்தத்தில் மனுசன் பாம்பென்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார்.

பிறகு குளிர். வெரிபீக் குளிர் மலைக் குளிர் மாதிரி வராது. வராவிட்டால் நான் கொடுப்பேன்! எங்கள் வீடுகளில் ஐஸ்கிறீம் பெட்டி எறிகிற வழக்கம் இல்லை, எல்லாருக்கும் தெரியும். பருப்பும் குழம்பும் அதற்குள்தான். இருபத்தொரு பெட்டி இருந்தது. தண்ணீர் நிரப்பி உறையவைத்து, யூன் தொடங்கி ஓகஸ்ட் முடியும் மட்டும், விடியற்காலையில் இரண்டு இரண்டு கட்டியாகச் செடியின் தலைக்கு மேல் கவிழ்த்தேன்.

மனுசன் சாறத்தோடும் கம்பளிச் சட்டையோடும் வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன, மீனுக்கு ஐஸ் போடுறியோ?"

"ஓம். பாரை மீன். நவம்பரில வெட்டித் தாறன்."

"பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறான்."

"பார்க்கட்டும். ரிக்கெற் வாங்காமல் பார்க்கிறான்."

செப்டெம்பரில் முளை வந்தது. வழக்கமான பச்சை இல்லை. பீற்றூட் நிறத்தில், விரல் மடக்கிய கை மாதிரி, மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒக்டோபர் நடுவில் ஒருநாள் காலை, இலைக்கு நடுவில் கடலை அளவில் ஓர் உருண்டை. குனிந்து பார்த்தேன். மொட்டு! என்னால் நிமிர முடியவில்லை. அப்படியே குனிந்தபடி மற்றத் தண்டுகளையும் விலக்கிப் பார்த்தேன். ஏழு மொட்டு. பன்னிரண்டு இல்லை. ஆனால் ஏழு! ஏழு என்றால் ஐந்து கொட்டிவிட்டது என்று சொல்லலாம். அக்காவைச் சமாளிக்கலாம் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

மொட்டில் எறும்பு மொய்த்தது. மனுசன் எறும்பு மருந்துப் போத்தலோடு வந்தார். நான் கத்திய கத்தலில் போத்தலைக் கீழே போட்டுவிட்டார். மொட்டில் சுரக்கிற தேனைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது, குடித்துவிட்டுப் போகட்டும் என்று மலை அம்மா சொல்லியிருந்தா. நானும் விட்டேன். கடை வைத்திருந்தவளுக்கு, வந்தவர்களைத் துரத்தக்கூடாது என்று தெரியும்.

அக்கா வர ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது வடக்குக் காற்று. மெல்பேர்ணில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை; பாலைவனச் சூட்டை அள்ளிவரும், பாண் சுடுகிற போறணைக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. ஒரே நாளில் ஐந்து மொட்டு வீங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தேன். முதல் நாள் கோலிக்குண்டு மாதிரி இருந்தது, இப்போது இடியப்பத்துக்குக் குழைத்த மாப் பதம். அந்தப் பதம் என் விரலுக்குத் தெரியாதா? விட்டால் அடுத்த நாள் விரியும், அக்கா வரும்போது கொட்டிக் கிடக்கும். ஐந்தையும் வெட்டினேன். மற்ற இரண்டும் பக்கத்தில் வந்த பிந்திய மொட்டுகள், கல்லாக இருந்தன. அவற்றைப் பழைய குடையால் மறைத்து விட்டேன்.

கராஜுக்குள் இருக்கிற இரண்டாவது பிரிட்ஜைக் காலி பண்ணினேன். மீனும் நண்டும் அக்கம்பக்கத்துக்குப் போயின. தேசிக்காய் பிழிந்த தண்ணீர் போட்டுத் துடைத்தேன். அப்பிள் ஒன்று கிடந்தது. அதைக் கண்டு, எடுத்து, தெருவில் போன பிள்ளைக்குக் கொடுத்தேன். ஐந்து மொட்டையும் பேப்பரில் சுற்றி நடுத்தட்டில் கிடத்தினேன். கதவைச் சாத்தியபோது எனக்கு என்ன பெருமை தெரியுமா? வெயிலையே ஏமாற்றிவிட்டேனே!

அக்கா வர இரண்டு நாள் முன்பு, எடுத்துத் தண்ணீரில் வைக்கப் போனேன். கதவைத் திறந்ததும் வாசம் அடித்தது. பூ வாசம் இல்லை. மாம்பழ வாசம்! மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் இரண்டு பெட்டி மாம்பழம். நடுவில் என் மொட்டுகள்.

"என்னப்பா இது!"

மனுசன் சிரித்த முகத்தோடு வந்தார். "மச்சாளுக்கு மாம்பழமெண்டால் உயிரெல்லோ? நீ பிரிட்ஜைத் துடைச்ச அண்டைக்கே ஸ்பிரிங்வேல் போய் வாங்கினனான். வெளியில வச்சால் கனிஞ்சிடும். இவ்வளவு இடம் சும்மா கிடக்கெண்டு போட்டு அடுக்கி வச்சன்."

"எத்தினை நாளா?"

"ஒரு கிழமை. ஏன், என்ன?"

பேப்பரைப் பிரித்தேன். வெளி இதழ் தேத்தண்ணி நிறம். தண்ணீரில் வைத்தேன். இரவு முழுக்க வைத்தேன். ஒன்றும் விழிக்கவில்லை. விடிய, தலை கழன்று மேசையில் விழுந்து கிடந்தன, ஐந்தும். மலை அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அப்பிள் வைத்தாயா என்று கேட்டா. இல்லை என்றேன். வேறு பழம்? மாம்பழம் என்றேன். எத்தனை? நாற்பது என்றேன்.

மனுசனைப் பேசவும் முடியவில்லை. அவர் முகம் அப்படி வாடியிருந்தது. என் அக்காவுக்கு ஆசையாகத்தானே அவர் வாங்கினார்? அப்பிளை மட்டும் தேடியவள் நான்தான்.

சனிக்கிழமை அக்கா வந்து இறங்கினார். ஊன்றுகோல் ஒரு கையில், கைப்பை ஒரு கையில். தேத்தண்ணி குடிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றவில்லை. "எங்கை?" என்று கேட்டுக்கொண்டு நேராக வளவுக்குள் போனார். நான் பின்னால் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

செடிக்கு முன்னால் நின்றார். இரண்டு பச்சை மொட்டு. கண்ணாடியைச் சரிசெய்து மறுபடி பார்த்தார்.

"எங்கை மற்றப் பத்தும்?"

கொட்டிவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படித்தான் ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். ஆனால் அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்ததும் வேறு சொல்தான் வந்தது.

"அக்கா, பன்னிரண்டு இல்லை. போன வருசம் ஒண்டும் இல்லை. அதுக்கு முதல் வருசமும் ஒண்டும் இல்லை. நான் உங்களுக்குச் சொன்னது பொய்."

அக்கா கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"ஐயோ, நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனேயடி!"

"என்னத்தை?"

"புதன்கிழமையில எங்கட வயசுபோன ஆக்கள் கூடுற இடமெல்லோ, அங்கை. அறுபது பேருக்கு முன்னால. என்ர தங்கச்சி வெரிபீக் களிமண்ணில பியோனி பூக்க வச்சவள், பன்னிரண்டு பூ, ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை, தானாப் படிச்சவள் எண்டு. மைக்கில சொன்னனான்!"

நான் இன்னும் கிட்டப் போனேன்.

"மைக்கிலயோ?"

"மைக்கில! கை தட்டினவை!"

நான் பொய்க்காரியாக நிற்கிறேன், தலை குனிந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் என்னால் முடியவில்லை. என் அறுபத்தெட்டு வயதில், அறுபது பேருக்கு முன்னால், அக்கா என்னைப் பற்றி! "இன்னும் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"செருப்பால அடிப்பன்," என்றார் அக்கா. பிறகு, "கடையைப் பற்றியும் சொன்னனான்," என்றார்.

அன்றைக்குப் பின்னேரம் அவருக்கு எல்லாம் சொன்னேன். விரல்கணு, கரண்டி, ஐஸ்கிறீம் பெட்டி, மாம்பழம். மாம்பழம் வந்தபோது மனுசன் எழும்பிப் போய்விட்டார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சிரித்து முடித்து, "எடியே, உந்த ரெண்டுமாவது விரியுமோ?" என்று கேட்டார். அதுதான் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் காலை குடையை எடுத்தேன். அக்கா கதிரையில். ஒரு மொட்டின் நுனியில் ரோசாக் கீறல். பத்து மணிக்கு ஓர் இதழ் விலகியது. நாங்கள் சமைக்கவில்லை. மனுசன் எங்களுக்குப் பாண் வெட்டி, பட்டர் பூசிக் கொண்டுவந்து தந்தார். எங்கள் வீட்டில் அது பெரிய அதிசயம். மத்தியானத்துக்கு மேல், ஏதோ உள்ளிருந்து தள்ளிய மாதிரி, அது அவிழ்ந்தது. மடிப்பு மடிப்பாக, ஓரம் சுருங்கிய புதுச் சேலையை உதறிவிட்ட மாதிரி. நடுவில் வெள்ளை, வெளியே ரோசா. என் விரித்த கையைவிடப் பெரிசு! நான் துள்ளினேன். இந்த வயதில், இந்த உடம்போடு, துள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையைக் காட்டினார். "பார்! பார்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு விளங்கியது. கை தட்டினார்.

அக்கா கிட்டப் போய், தொடாமல், ஊன்றுகோல் நுனியை நீட்டி இதழ் எண்ணத் தொடங்கினார். அறுபது தாண்டி எங்கேயோ எண்ணிக்கை பிழைத்துவிட்டது. மறுபடி தொடங்கினார். மறுபடி பிழைத்தது. "சரி, விடு," என்றார். அக்கா ஒரு கணக்கை விட்டதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

புதன் விடியப் பிளேன். செவ்வாய் பின்னேரம் இரண்டாவது மொட்டைத் தொட்டேன். இடியப்ப மாப் பதம். என் செடியில் இருந்த கடைசி மொட்டு அது. கோயிலுக்கும் கொடுக்க மாட்டேன் என்று வைத்திருந்தது. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். பேப்பரில் சுற்றி அக்காவின் கைப்பைக்குள் வைத்தேன்.

"என்னடி இது?"

"கொண்டு போய்த் தண்ணியில வையுங்கோ. மைக்கில சொன்ன ஆள் வெறுங்கையோட போகக்கூடாது. பிளேனில ஆராவது பழம் சாப்பிட்டால் சீற்றை மாத்திக் கேளுங்கோ."

அடுத்த புதன் பின்னேரம் ரெலிபோன் அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் அக்கா எடுப்பதில்லை. நான் பயந்து எடுத்தேன்.

"விரிஞ்சிட்டுதடி! சனிக்கிழமையே விரிஞ்சிட்டுது. இண்டைக்குப் போத்தலோட கொண்டு போனனான். எல்லாரும் சுத்தி நிண்டு படம் எடுத்தவை. ஒரு மனுசன் என்னைப் பிடிச்சுக் கேட்டார், ரீச்சர், பன்னிரண்டு எண்டனீங்கள், மற்றப் பதினொண்டும் எங்கை எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

அக்கா தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி கஞ்சப் பிசினாறி, தரமாட்டன் எண்டிட்டாள் எண்டு சொன்னன்."

"அக்கா! அது பொய்யெல்லோ?"

"பொய்தான். வாற வருசம் உண்மையாக்கிப்போடு. பன்னிரண்டு. எண்ண வருவன்," என்று சொல்லிப் படக்கென்று வைத்துவிட்டார்.

நான் போனை வைத்தேன். நேரே குசினிக்குள் போய், ஐஸ்கிறீம் பெட்டி எத்தனை கிடக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன்.